படம் சொல்லும் முகவரி

மாணவர்களே! வீட்டு வாசலில் நின்று கைப்பேசியில் படம் எடுக்கிறீர்கள். படத்தில் தெரிபவை நீங்களும் ஒரு ரோஜாச் செடியும் மட்டுமே. ஆயினும், அப்படத்தைப் பெறும் அந்நியர் ஒருவர் உங்கள் தெருவையே கண்டுபிடித்துவிடலாம். எப்படி?

பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. அவை அனுப்பும் ரேடியோ அலைகள் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும் அல்லவா? நான்கு செயற்கைக்கோள்களின் அலைகளைக் கொண்டு, கைப்பேசி தான் இருக்கும் இடத்தைத் திறந்த வெளியில் சில மீட்டர் பிழைக்குள் கணித்துவிடுகிறது. கேமராவுக்கு இருப்பிட அனுமதி அளித்திருந்தால், அந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் படக் கோப்பிலேயே பதிந்துவிடுகின்றன.

2012 டிசம்பரில், கணினி வைரஸ் தடுப்பு மென்பொருளால் புகழ்பெற்ற ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தார். அவருடைய படமொன்றை ஒரு பத்திரிகை இணையத்தில் வெளியிட்டது. படத்திலிருந்த எண்கள் அவர் குவாதமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தன! நிபுணருக்கே இக்கதி.

பல சமூக ஊடகங்கள் பதிவேற்றும்போது இவ்வெண்களை நீக்கிவிடுகின்றன. ஆனால் மூலக் கோப்பை அப்படியே அனுப்பினால், எண்களும் உடன் செல்லும். எனவே, கைப்பேசி அமைப்புகளில் கேமராவின் இருப்பிட அனுமதியை நீக்கிவிடுங்கள். முன்பு எடுத்த படங்களில் அவை அழியாமல் இருக்கும். நீக்கிய பின்பே அனுப்புங்கள்.

இன்றே ஒரு சோதனை: உங்கள் பழைய படமொன்றின் ‘விவரங்கள்’ பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே உங்கள் வீடு தெரிகிறதா?