வட்டப் பின்னலில் குழந்தைத் தொப்பி: வடிவம் எங்கே பிசகுகிறது?

குரோசே ஊசியால் பின்னும் குழந்தைத் தொப்பி, உச்சியில் ஒரு சிறு வளையமாகத் தொடங்குகிறது. அது தட்டையான வட்டமாக விரியும். தலைக்கு வேண்டிய அகலம் வந்ததும் மேலும் விரியாமல் சுவர்போலக் கீழே இறங்கி விளிம்பில் முடியும். துணி வெட்டும் வேலை இல்லை, மூட்டுத் தையலும் இல்லை. எந்தச் சுற்றில் எத்தனை கண்ணி கூட்டப்பட்டது என்பதுதான் உருவத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே தொப்பி கோணினால் கையைக் குறை சொல்லுமுன் கண்ணிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வட்டத்தின் ஆரம் ஓர் அலகு கூடும்போது சுற்றளவு ஏறத்தாழ 6.28 அலகு கூடுகிறது. உயரமும் அகலமும் ஏறக்குறைய சமமாக உள்ள குட்டைக் கண்ணியில் சுற்றுக்கு 6 கண்ணி கூட்ட வேண்டியிருப்பது இதனால்தான். முதற் சுற்றில் 6, அடுத்ததில் 12, பிறகு 18, 24 என்று எண்ணிக்கை ஏறும். அகலத்தைப் போல் இரு மடங்கு உயரமான நெட்டைக் கண்ணிக்குச் சுற்றுக்கு 12 கூட்ட வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. அமெரிக்கர் 'சிங்கிள் குரோசே' என்று சொல்லும் குட்டைக் கண்ணியைப் பிரித்தானியர் 'டபுள் குரோசே' என்கிறார்கள். அமெரிக்கரின் 'டபுள்' வேறு, நெட்டையானது. பிரித்தானியப் புத்தகத்தையும் அமெரிக்க வீடியோவையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பின்னுபவரின் வட்டம் முதல் நான்கு சுற்றிலேயே குளறுபடியாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கூட்டல் மிகுந்தால் வட்டத்தின் ஓரம் அலை அலையாகச் சுருக்கம் கொள்ளும். குறைந்தால் வட்டம் விரியாமல் கிண்ணமாகக் குவியும். தொப்பியைக் கெடுக்கும் அந்த அலையே வேறோரிடத்தில் பெயர் பெற்றது. 1997இல் கோர்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா டைமினா, வேண்டுமென்றே கண்ணிகளை அளவுக்கு மீறிக் கூட்டி, அதிபரவளையத் தளம் என்ற வடிவத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி பின்னிக் காட்டினார். 2005இல் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் அதே முறையில் பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கினர். திருகோணமலையின் நிலாவெளிக் கரைக்கு அப்பாலுள்ள புறாத்தீவைச் சூழ்ந்த கடல் போன்ற பவளக் கடல்களில், இலைபோல் மடிந்து வளரும் பவளங்களின் ஓரச் சுருக்கமும் இதே கணக்குத்தான். பவளத்துக்கு அது அழகு. தொப்பிக்கு அது பிழை.

திருகோணமலை மீனவர்களிடம் இந்தக் கணக்கு வேறு வடிவில் இருக்கிறது. தம்பலகாமக் குடா போன்ற ஆழங்குறைந்த நீரில் எறியும் வீச்சு வலையைக் கையால் முடிப்பவரும் உச்சியிலிருந்தே தொடங்கி, குறித்த இடைவெளிகளில் கண் கூட்டிக்கொண்டு இறங்குவார். கண் குறைந்த வலை, வீசும்போது வட்டமாக மலராது; ஈயம் கட்டிய அடி விளிம்பும் ஒரே சமயத்தில் நீரைத் தொடாது. ஒரு வீச்சிலேயே தெரிந்துவிடும் இந்தக் குறை, தொப்பியில் குழந்தையின் தலையில் போடும்வரை ஒளிந்திருக்கக் கூடும்.

எனவே உச்சி வட்டத்தை முதலிலேயே அளந்துவிடுவது நல்லது. பிறந்த குழந்தையின் தலைச்சுற்று ஏறத்தாழ 34 முதல் 35 சென்டிமீட்டர். ஆறு மாதத்தில் 42, 43 ஆகும். பின்னல் இழுபடுமாதலால் தொப்பி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சிறிதாக இருக்கலாம். 33 சென்டிமீட்டர் தொப்பிக்கு உச்சி வட்டத்தின் குறுக்களவு பத்தரை சென்டிமீட்டர். சென்டிமீட்டருக்கு இரண்டு கண்ணி விழும் கையானால் 66 கண்ணி, அதாவது பதினொரு சுற்று. அதற்குமேல் கூட்டல் இல்லை. இதைத் தாண்டியும் கூட்டிக்கொண்டே போனால் தொப்பி காதுக்கு மேல் குடையாக விரிந்து நிற்கும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் வட்டம் அறுகோணமாகத் தெரிவதுண்டு. கூட்டல்கள் ஒவ்வொரு சுற்றிலும் முந்திய கூட்டலின் தலைக்கு மேலேயே விழுந்து ஆறு மூலைகளை உண்டாக்கியிருக்கும். ஒன்றுவிட்ட சுற்றுகளில் கூட்டும் இடத்தைப் பாதி இடைவெளி தள்ளிவைத்தால் மூலைகள் மழுங்கும்.

சுவர்ப் பகுதியில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் சுற்று சேரும் இடத்தில் பிறக்கின்றன. சுற்றை மூடும் நழுவு கண்ணியை ஒரு கண்ணியாக எண்ணி அதிலும் பின்னினால் சுற்றுக்கு ஒன்று கூடும். கடைசிக் கண்ணியைத் தவறவிட்டால் ஒன்று குறையும். பத்துச் சுற்றில் பத்துக் கண்ணி என்றால் ஐந்து சென்டிமீட்டர். சுற்றின் முதற் கண்ணியில் வேறு நிற நூல்துண்டு ஒன்றை மாட்டி, சுற்று ஏற ஏற அதையும் மேலே மாற்றிக்கொண்டு போனால் இந்தத் தொல்லை இல்லை. மூட்டு வரி சாய்வாக ஓடுவது பிழையன்று. ஒவ்வொரு கண்ணியும் கீழுள்ளதற்குச் சற்றே விலகி அமர்வதால் அது தானாக வருவது. அதை விரும்பாதவர்கள் சுற்றை மூடாமல் சுருளாகவே பின்னுகிறார்கள். அப்போது முடிவில் ஒரு படி துருத்தும். கடைசி இரண்டு மூன்று கண்ணிகளைப் படிப்படியாகக் குட்டையாக்கினால் அது அடங்கும்.

மேலே தளர்ந்தும் கீழே இறுகியும் போவது கையின் குணம். திருகோணமலை வெயிலுக்கேற்ற பருத்தி நூல் வியர்த்த விரலில் ஒட்டி, கண்ணியை இறுக்கிவிடும். எண்ணிக்கை மாறாமல் விளிம்பு சுருங்கினால் அந்தப் பகுதிக்கு ஓர் எண் பெரிய ஊசி போதும்.

குரோசேயில் எந்நேரமும் ஊசியில் மூடப்படாமல் இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். ஆகவே பிழை நேர்ந்த சுற்றுவரை நூலை இழுத்துப் பிரிப்பது சில நிமிட வேலை. ஓரிரு கண்ணி வித்தியாசத்துக்குப் பிரிக்கவும் வேண்டியதில்லை. பருத்தித் தொப்பியை நனைத்துப் பிழிந்து, அதே சுற்றளவுள்ள கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி நிழலில் காயவிட்டால் படிந்துவிடும். அக்ரிலிக் நூல் இந்த வைத்தியத்துக்கு அவ்வளவாக மசியாது. அதைப் பிரித்துப் பின்னுவதே மேல்.