கழுத்து நாடிகளும் கழியொலியும்

மூளைக்குச் செல்லும் குருதியின் பெரும்பகுதி, கழுத்தின் இருமருங்கும் மேலேறும் சிரசு நாடிகளின் வழியே செல்கின்றது. தாடைக் கோணத்தை அண்மிய இடத்தில் ஒவ்வொரு நாடியும் இரண்டாகக் கவடுபடும். அக்கவட்டின் புறச்சுவரை ஒட்டிக் குருதி சுழன்று மெல்லச் செல்வதால், கொழுப்பும் நாரும் கல்சியமும் சேர்ந்த படிவு பெரும்பாலும் அங்கேயே உண்டாகின்றது. படிவினின்று பெயர்ந்த துணுக்கொன்று மூளையின் சிறு நாடியை அடைக்குமாயின் பாரிசவாதம் விளையும்.

இப்படிவை ஊசியேற்றாமலே அறிதற்குக் கழியொலி உதவுகின்றது. செவி உணரும் ஒலியின் மேலெல்லை செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். இங்கே பயன்படும் ஒலியோ பொதுவாக 50 இலட்சத்துக்கு மேற்பட்ட அதிர்வுகளையுடையது. தோலின்மீது வைத்த கருவியிலிருந்து புறப்படும் ஒலி, இழையங்களின் எல்லைகளிற் பட்டு மீள்கின்றது. மீள்வதற்கு எடுத்த நேரத்தினின்று ஆழம் கணிக்கப்பட்டு, நாடிச்சுவரின் உருவம் திரையிலே தோன்றும்.

உருவத்தினும் நுட்பமானது வேகத்தை அளத்தல். ஆறு ஒடுங்குமிடத்தில் நீர் விரைவதுபோல, நாடி ஒடுங்குமிடத்திற் குருதியும் விரையும். அசையும் பொருளிலிருந்து வரும் அலையின் மீடிறன் மாறித் தோன்றும் என்று கிறித்தியான் தொப்ளர் 1842இல் எடுத்துரைத்தார். அவ்விதியே குருதிக் கலங்களின் வேகத்தைத் தருகின்றது. அமெரிக்கக் கதிரியலாளர் 2003இல் வெளியிட்ட இணக்க அறிக்கையின்படி, உட்சிரசு நாடியில் உச்சவேகம் செக்கனுக்கு 230 சதமமீற்றரை விஞ்சுமாயின், ஒடுக்கம் நூற்றுக்கு 70 அல்லது அதற்கு மேல் எனக் கொள்ளப்படும்.

இவ்வெல்லைக்கு ஏன் இத்துணை மதிப்பு? சிறுதாக்கம் அண்மையிற் கண்ட, நூற்றுக்கு 70 முதல் 99 வரை ஒடுக்கமுள்ள நோயாளரை ஆராய்ந்த வட அமெரிக்க ஆய்வொன்று 1991இல் வெளிவந்தது. மருந்து மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 26 பேர் ஈராண்டுக்குள் அதே பக்கத்து மூளையிற் பாரிசவாதம் உற்றனர். படிவு அகற்றப்பட்டோருள் 9 பேரே அதனை உற்றனர்.

எனினும் எண்ணை மட்டும் நம்புதல் பேதைமை. நாடி முற்றாக அடைபடும் தறுவாயிற் குருதி நூலிழைபோல் ஒழுகும். அப்போது வேகம் தணிந்து, நோய் இலேசானது என்ற மயக்கத்தைத் தரும். கல்சியம் செறிந்த படிவோ ஒலியைத் தடுத்துப் பின்னே நிழல் வீழ்த்தி, உள்ளிருப்பதை மறைக்கும். திரையிற் பளிச்செனத் தெரியும் படிவினும், கருமையாய்க் குருதியோடு ஒத்துத் தோன்றும் படிவே அஞ்சத்தக்கது. அது பெரும்பாலும் கொழுப்போ உட்கசிந்த குருதியோ நிறைந்தது, எளிதில் உடைவது.

அறிகுறி எதுவுமில்லாத பொதுமக்கள் யாவரையும் இவ்வாறு சோதிக்கலாகாதென அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2021இல் மீளவும் வற்புறுத்தியது. பிழையாகக் கண்ட ஒடுக்கம் ஒருவரைச் சத்திரசிகிச்சைக்கு இட்டுச்செல்லலாம். அச்சிகிச்சையே சிலரிற் பாரிசவாதத்தை விளைவிப்பதுண்டு.