துடைத்தேன்... போயே போச்சு!

திண்டிவனத்தில் என் தம்பி வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே வரிசையாகப் பொம்மைக் கார்கள்! நாற்பது வயசுக்காரனுக்கு இதென்ன விளையாட்டு என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நானும் சிரித்தவள்தான்.

பொம்மை என்றால் அவனுக்குக் கோபம் வந்துவிடும். "மாடல்னு சொல்லுக்கா" என்பான். நிஜப் பந்தயக் காரை 43-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தவையாம். இரண்டு தீப்பெட்டிகளை நீளவாக்கில் வைத்த அளவுதான் இருக்கும்.

அதில் ஒன்று மஞ்சள் நிற ஜோர்டான் கார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டிய காரின் மாடல். அந்த ஜூன் மாதம் அமெரிக்கப் பந்தயத்தில் டயர் தகராறால் 14 கார்கள் விலகிவிட, ஓடியவை ஆறே ஆறு. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். 'ஆறில் நாலு பெரிசா?' என்பவர்கள் உண்டு. மற்றவர்கள் விலகியதற்கு ஓடி முடித்தவர் என்ன செய்வார், சொல்லுங்கள்!

அந்த மாடலின் மேல் நரேனின் கையெழுத்து இருந்தது. அதற்காகத் தம்பி இருங்காட்டுக்கோட்டைப் பந்தய மைதானத்தில் ஒரு பகல் பூரா வெயிலில் நின்றானாம்.

போன மார்கழியில் அவன் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கார்களைப் பத்திரமாக விழுப்புரத்தில் என்னிடம் கொண்டுவந்து வைத்தான். போகிக்கு வீட்டை ஒழித்தவள் சும்மா இருந்தேனா? நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, 'ஏதோ கிறுக்கல்' என்று அழுத்தித் தேய்த்தேன். கையெழுத்தோடு மஞ்சள் பெயிண்டும் வந்துவிட்டது.

தம்பி வந்து பார்த்தான். திட்டவில்லை. வைத்த காபியைக் குடிக்கவுமில்லை.

"வேற வாங்கித் தரேண்டா."

"கார் கிடைக்கும்க்கா" என்றான். அவ்வளவுதான்.

பிறகு அவனிடமே கேட்டுக்கொண்டேன். மாடலின் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஸ்பிரிட், சோப்பு எதுவும் ஆகாது. வெயில் பட்டால் மை வெளுக்கும், ஆகவே அலமாரி ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். ஈரம் உறிஞ்ச மாத்திரைப் புட்டியில் வருகிற சிறு பொட்டலம் ஒன்றை உள்ளே போடலாம். ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தப் பொட்டலமும், கழன்றுவரும் குட்டிச் சக்கரங்களும் வாய்க்குப் போய்விடும். எட்டாத உயரம்தான் சரி.

இப்போது அந்த அலமாரிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவி எங்கே என்று தம்பி மனைவி எனக்கு மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாள்!