மாதாந்திர மளிகை இருப்பு

மாதாந்திர மளிகை இருப்பு என்பது ஒரு வீட்டுக்கு ஒரு மாதத்துக்குத் தேவையான, எளிதில் கெடாத உணவுப்பொருள்களை ஒரே தடவையில் வாங்கி வைப்பதாகும். தானியம், பருப்பு, பயறு, எண்ணெய், புளி, மிளகாய், உப்பு, அஞ்சறைப்பெட்டிச் சாமான்கள் ஆகியன இதில் அடங்கும். காய்கறி, பால், முட்டை ஆகியவை அவ்வப்போது வாங்கப்படுவதால் இந்தக் கணக்கில் வருவதில்லை.

தமிழ்நாட்டில் இப்பட்டியலின் முதல் வரிக்குப் பல வீடுகளில் செலவே இல்லை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம்பருப்பும் பாமாயிலும் மானிய விலையில், அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, ஒரு லிட்டர் என்ற அளவில் கிடைக்கின்றன. வயிறு நிறைவதற்கு இது பெரிய துணை. ஆனால் கையில் பணம் குறையும் மாதத்தில் முதலில் வெட்டப்படுவது பருப்பும் பயறும்தான். அரிசி குறைந்தால் உடனே தெரியும்; பருப்பு குறைந்தால் சாம்பார் கொஞ்சம் நீர்த்துப் போகும், அவ்வளவுதான்.

அரிசியும் பருப்பும்: ஒரு கணக்கு

நியாயவிலைக் கடையில் 20 கிலோ அரிசியும் ஒரு கிலோ துவரம்பருப்பும் வாங்கும் நால்வர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 165 கிராம் அரிசியும் 8 கிராம் பருப்பும் வரும். நூறு கிராம் அரிசியில் 7 முதல் 8 கிராம் புரதமும், பருப்பில் சுமார் 22 கிராம் புரதமும் உண்டு. ஆக அரிசியிலிருந்து 12 கிராம், பருப்பிலிருந்து 2 கிராமுக்கும் குறைவு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் அளவில் புரதம் தேவை. இது மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மீதியைக் கடையில் வாங்கும் பொருள்களே தர வேண்டும்.

அளவோடு தரமும் சேர்ந்தே வருகிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு; பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. பொங்கல், இட்லி, பருப்புச் சாதம் எல்லாம் இந்தக் குறையை ஒன்றுக்கொன்று ஈடுகட்டும் சேர்க்கைகளே. எனவே அரிசியில் மிச்சமாகும் பணத்தை இன்னும் உயர்ந்த ரக அரிசியில் போடுவதைவிட, இரண்டாவது, மூன்றாவது கிலோ பயறில் போடுவதே நல்லது.

எதை வாங்குவது

துவரம்பருப்பு விலை ஏறும் காலத்தில் கொள்ளும் தட்டைப்பயறும் பெரும்பாலும் மலிவாகவே இருக்கும். புரதத்தில் அவை துவரைக்கு இளைத்தவை அல்ல. கொள்ளை இரவே ஊறவைத்து வேகவைத்தால் தண்ணீர் ரசத்துக்கு, பயறு சுண்டலுக்கு. பாசிப்பயறு இன்னும் வசதியானது: முளைகட்டலாம், கடையலாம், பெசரட்டு வார்க்கலாம். முளைகட்டினால் அதில் வைட்டமின் சி கூடும். சீக்கிரம் வேகட்டும் என்று பயறில் சோடா உப்பு போடுவது வேண்டாம். பி1 வைட்டமின் அழிந்துவிடும்.

விடுதி அறையில் ஒற்றை அடுப்போடு இருக்கும் மாணவர்களுக்கு வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கைகொடுக்கும். வறுத்த வேர்க்கடலை நூறு கிராமில் 25 கிராம் அளவில் புரதம் உண்டு. இரண்டையும் காய்ந்த மிளகாய், புளி, உப்போடு அரைத்தால் தேங்காய் இல்லாமலேயே சட்னி ஆகிவிடும்.

தானியத்தில் கேழ்வரகு ஒரு கிலோவாவது இருக்கட்டும். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. அரிசியில் புழுங்கல் நல்லது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. உப்பு, அயோடின் சேர்த்ததாக இருக்க வேண்டும்.

இருப்பு வைத்தல்

மலிவாக வாங்கியது வண்டுக்குப் போனால் லாபமில்லை. முழுப் பயறின் தோலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவை பயறு வண்டின் முட்டைகள்; கடையிலேயே தவிர்த்துவிடலாம். அதிலிருந்து வரும் புழு பயறுக்குள் துளைத்து வளர்ந்து, வண்டாகி வட்ட ஓட்டை போட்டு வெளியேறும். வாங்கியதும் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு முழுதும் ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை குறைவு. முழுப் பயறை ஓராண்டு, ஈராண்டு வைத்திருப்பதிலும் பயனில்லை. பழசாக ஆக அது எத்தனை விசில் விட்டாலும் வேகாது.

கம்பு மாவில் கொழுப்பு இருப்பதால் சில நாள்களிலேயே கசந்துவிடும். கம்பாகவே வைத்திருந்து, தேவைப்படும்போது கொஞ்சமாக அரைப்பதே வழி. வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்ததும் நிறம் மாறியதும் கண்டால் எறிந்துவிட வேண்டும். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது.

புளியை மட்டும் மாதக் கணக்கில் வாங்க வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்து, வெயிலில் காயவைத்துக் கல்லுப்பு சேர்த்து உருட்டிப் பீங்கான் ஜாடியில் வைத்தால் அடுத்த புளி வரும்வரை இருக்கும். உலோகப் பாத்திரத்தில் வைத்தால் புளியும் உப்பும் சேர்ந்து பாத்திரத்தை அரித்துவிடும்.