ஒளியும் இரையும்: பழனிமலை அழுகண்ணியின் வழியே கடல்சார் கலப்பூட்ட நுண்ணுயிர்களை அறிதல்

முன்னுரை

தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும் உயிர்கள், பிற உயிர்களை உண்டு வாழும் உயிர்கள் என்ற பகுப்பு அறிவியல் கல்வியின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. முன்னது தற்சார்பு ஊட்டமுறை என்றும் பின்னது பிறசார்பு ஊட்டமுறை என்றும் வழங்கும். கடல் நுண்ணுயிரியலில் அண்மைப் பத்தாண்டுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் இப்பகுப்பைப் பெரிதும் தளர்த்தியுள்ளன. பகலொளியில் ஒளிச்சேர்க்கை செய்துகொண்டே பாக்டீரியங்களையும் பிற நுண்ணுயிர்களையும் விழுங்கும் ஒருசெல் உயிர்கள் கடலெங்கும் உள்ளன. இவை கலப்பூட்ட உயிர்கள் எனப்படுகின்றன. இவற்றைக் காண நுண்ணோக்கி வேண்டும். ஆனால், இதே வாழ்க்கைமுறையை வெறுங்கண்ணால் காணத்தக்க இடம் தமிழகத்திலேயே உண்டு. அது கொடைக்கானலைச் சூழ்ந்த பழனிமலையின் ஈரப் புல்வெளி. அங்கு வளரும் அழுகண்ணிச் செடியை முன்வைத்து, கலப்பூட்டம் எந்தச் சூழலில் நிலைக்கிறது, எந்தச் சூழலில் குலைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அழுகண்ணியின் வரவுசெலவு

அழுகண்ணி என்னும் பெயர் பெரும்பாலும் ட்ரோசீரா பேரினத்துச் செடிகளைக் குறிக்கும். வேறு செடிகளுக்கும் இப்பெயரை ஏற்றிச் சொல்வோர் உண்டு. பழனிமலையின் உயர்பகுதிகளில் காணப்படும் ட்ரோசீரா பெல்டேட்டா மெல்லிய தண்டும் பிறைவடிவ இலைகளும் கொண்டது. இலையின் மேற்பரப்பில் நிற்கும் மயிரிழைகளின் நுனியில் பிசின் துளிகள் கண்ணீர்போல் திரண்டிருக்கும். அதில் ஒட்டும் சிறு பூச்சியை நோக்கி இழைகள் வளைகின்றன, செரிப்புநீர் சுரக்கிறது, கரைந்த சத்தை இலை உறிஞ்சிக்கொள்கிறது. வறட்சிக் காலத்தில் செடியின் மேற்பகுதி மடிந்துபோக, மண்ணுள் உள்ள கிழங்கு மட்டும் எஞ்சி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அதே ஈரநிலங்களிலும் நீர் கசியும் பாறைகளிலும் வளரும் யூட்ரிகுலேரியாவின் நுண்பைகள் இரையை ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான நேரத்தில் உள்ளிழுத்துக்கொள்கின்றன.

‘பூச்சியுண்ணும் தாவரம்’ என்ற பெயர் ஒரு தவறான எண்ணத்துக்கு இடந்தருகிறது. இச்செடி பசி தீரப் பூச்சியை உண்பதில்லை. உடலைக் கட்டும் கரிமத்தைப் பெரும்பாலும் ஒளிச்சேர்க்கையே தருகிறது. பூச்சியிலிருந்து அது பெறுவன நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகும். சார்லஸ் டார்வின் 1875இல் வெளியிட்ட நூல், இலைகள் இரையைச் செரிக்கின்றன என்பதை நிறுவியது. செரிப்பதால் செடிக்கு என்ன பயன் என்னும் வினாவுக்கு அவர் மகன் பிரான்சிஸ் டார்வின் 1878இல் விடை தந்தார். இறைச்சித் துணுக்கு ஊட்டப்பெற்ற செடிகள், ஊட்டப்பெறாதவற்றைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விதைகளைத் தந்தன.

அவ்வாறாயின் எல்லாச் செடிகளும் ஏன் இரை பிடிப்பதில்லை? 1984இல் தாமஸ் கிவ்னிஷும் உடன் ஆய்வாளர்களும் இதனை வரவுசெலவுக் கணக்காக அணுகினர். பிசினும் செரிப்புநீரும் ஆக்குவது செலவு. இரை பிடிப்பதற்கேற்ப அமைந்த இலை ஒளிச்சேர்க்கையில் பின்தங்குவதும் செலவே. ஒளியும் நீரும் தாராளமாகக் கிடைத்து, மண்ணில் சத்து மட்டும் குறைந்திருக்கும் இடத்தில்தான் இச்செலவை வரவு ஈடுசெய்யும். கூரையில்லா வெளிச்சமும் ஊறிய மண்ணும் சத்துக் குறைவும் ஒருங்கே அமைந்த மலைப்புல்வெளி அத்தகைய இடம். இக்கணக்கு செடியினுள்ளேயே மாறவும் கூடும். சுவீடன் நாட்டுச் சதுப்புகளில் ஜொனாதன் மில்லெட் குழுவினர் நிகழ்த்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், காற்றுவழி நைட்ரஜன் குறைவாகப் படியும் இடத்தில் ட்ரோசீரா தன் நைட்ரஜனில் 57 விழுக்காட்டை இரையிலிருந்து பெற்றது. மிகுதியாகப் படியும் இடத்தில் 22 விழுக்காடு மட்டுமே பெற்றது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் பகுத்தது அறிவின் அளவால். உணவின் வகையால் அன்று. புல்லும் மரமும் அங்கு தொடுவுணர்வு மட்டுமுடைய ஓரறிவுயிர்கள். தொடுதலை உணர்ந்து வளையும் அழுகண்ணியால் அப்பகுப்புக்கு இடர் இல்லை. இடர்ப்படுவது நம் பாடநூற் பகுப்பே.

நுண்ணுயிர்களில் அதே கணக்கு

நன்னீர் ஏரிகளில் வாழும் டைனோபிரையான் என்னும் பாசி ஐந்து நிமிடங்களுக்கு ஏறத்தாழ மூன்று பாக்டீரியங்களை விழுங்குவதை 1986இல் பேர்டும் கால்ஃபும் அறிவித்தனர். பாசியென்றே எண்ணப்பட்டுவந்த ஓர் உயிர், அவர்கள் ஆய்ந்த ஏரியில் நுண்விலங்குகளை விஞ்சிய அளவில் பாக்டீரியங்களை உண்டுகொண்டிருந்தது. 2008இல் சுப்கோவும் டாரனும் வட அட்லாண்டிக்கின் மிதவெப்பப் பகுதியில் கோடைக்காலத்தில் அளந்தபோது, ஒளிபுகும் மேல்நீரில் நிகழும் பாக்டீரிய உண்ணலில் 40 முதல் 95 விழுக்காடு வரை சிறு பாசிகளால் நிகழ்வது தெரியவந்தது. அங்கும் காரணம் அழுகண்ணியின் காரணமே: வெளிச்சமுள்ள மேல்நீரில் கரைந்த சத்து குறைவு, பாக்டீரியம் என்பது நைட்ரஜனும் பாஸ்பரசும் பொதிந்த ஒரு சிறு பொட்டலம்.

எனினும் ஒப்புமை முற்றப் பொருந்தாது. அழுகண்ணியின் பசுங்கணிகங்கள் அதற்கே உரியவை. கடல் நுண்ணுயிர்கள் சிலவற்றுக்கு அவை கடன்பொருள். மீசோடினியம் ரூப்ரம் தான் உண்ட பாசியின் பசுங்கணிகத்தைச் செரிக்காமல் வைத்துக்கொண்டு சில காலம் அதன் உழைப்பில் வாழ்கிறது. வேறு சில, பாசிகளை உயிரோடு உள்ளே குடியமர்த்துகின்றன. தமிழகக் கடலோரத்துக்கு நெருக்கமான நாக்டிலூகா சிண்டிலன்ஸ் இந்தக் கடைசி வகையைச் சார்ந்தது.

பழனிமலையின் தென்சரிவு ஓடைகள் வராகநதி, மஞ்சளாறு வழியாக வைகையில் சேர்கின்றன. அவ்வைகை சென்றடையும் இராமநாதபுரத்தின் தெற்குக் கடல் மன்னார் வளைகுடா. 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் அங்கு நாக்டிலூகா பெருகிக் கடல்நீர் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரை அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்ததும் நாக்டிலூகாவால்தான். செந்நிற நாக்டிலூகா இரையை மட்டும் நம்பி வாழ்வது. பச்சை வகையோ தன் உடலுள் ஆயிரக்கணக்கான பசும்பாசிகளைச் சுமந்து, அவை ஆக்கும் உணவையும் தான் விழுங்கும் இரையையும் சேர்த்தே வாழ்கிறது. இரை குறைந்தால் ஒளி. ஒளி குறைந்தால் இரை. பெருகிய கூட்டம் மடிந்து அழுகும்போது நீரின் ஆக்சிஜன் குறைகிறது, அம்மோனியா மிகுகிறது. வலையை நம்பி வாழும் குடும்பங்களுக்குக் கலப்பூட்டம் ஆய்வுக்கூடச் செய்தியாக மட்டும் இருப்பதில்லை.

வெப்பமும் இக்கணக்கை மாற்றும். கலப்பூட்டப் பாசியான ஓக்ரோமோனாசை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்த வில்கன் குழுவினர், வெப்பம் ஏற ஏற அது ஒளியை விட்டு இரையின் பக்கம் சாய்வதை 2013இல் காட்டினர். இரை உண்ணும் வேகம் வெப்பத்தோடு ஏறும் அளவுக்கு ஒளிச்சேர்க்கையின் வேகம் ஏறுவதில்லை. கரிமத்தை ஈர்க்கும் ஓர் உயிர் அதனை வெளியிடும் உயிராக மாறக்கூடும் என்பதால், கடல் எவ்வளவு கரிமத்தை ஏற்கும் என்ற மதிப்பீட்டில் இவ்வுயிர்களைத் தாவரமென்றோ விலங்கென்றோ எழுதிவிட இயலாது.

மலையில் மாறிய கணக்கு

கடலில் கணக்கு மாறும்போது சில கலப்பூட்ட உயிர்கள் பெருகுகின்றன. மலையில் நேர்வது இதற்கு எதிர்மாறானது. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்ததை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அரசுமணி குழுவினர் 2018இல் எடுத்துக்காட்டினர். அவ்விடத்தைப் பிடித்தவற்றுள் முதன்மையானவை பைன், தைல மரம், வாட்டில் எனப்படும் ஆஸ்திரேலியச் சீகை ஆகிய தோட்ட மரங்கள். இவற்றுள் வாட்டில் தனித்து நோக்கத்தக்கது. அதன் நிழல் வெளிச்சத்தைக் குறைக்கிறது. அதன் வேர் மண்ணீரை இழுக்கிறது. அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது ஆதலால், வேர்முடிச்சு பாக்டீரியங்களின் துணையுடன் மண்ணில் நைட்ரஜனையும் சேர்க்கிறது. கிவ்னிஷ் குறித்த மூன்று நிபந்தனைகளையும் ஒரே மரம் கவிழ்க்கிறது. பொதுவாக நன்மையெனக் கருதப்படும் மண்வளம் இங்கு அழுகண்ணிக்குப் பகையாகிறது. வளம் மிகுந்த மண்ணில் உயர்ந்து வளரும் புல்பூண்டுகளோடு அச்சிறு செடியால் போட்டியிட இயலாது.

புல்வெளியை மீட்க மரங்களை வெட்டினால் வெளிச்சம் உடனே திரும்பும். ஈரமும் நாளடைவில் திரும்பக்கூடும். சேர்ந்துவிட்ட நைட்ரஜன் அவ்வளவு விரைவில் நீங்குவதில்லை. வாட்டிலின் விதைகளோ மண்ணுள் பல பத்தாண்டுகள் முளைப்புத்திறனோடு கிடக்கும்.