செவியாய்வும் ஒலி அட்டையும்

‘மலையில் மழை பெய்தது’ என்று சொல்வதெழுதுதலில் கொடுத்தால், ‘மலையில் மலை பெய்தது’ என்று எழுதிவைக்கும் மாணவன் ஒருவனேனும் எல்லாத் தமிழ்ப் பள்ளிகளிலும் இருப்பான். கேமரன் மலையில் அவன் எழுதியதைக் கண்டு சிரித்துவிடலாம். சிவப்பு மையால் சுழித்தும் விடலாம். ஆனால் பிழை எங்கே பிறந்தது? கையிலா, வீட்டுப் பேச்சு வழக்கிலா, செவியிலா? வீட்டில் ழகரத்தையும் ளகரத்தையும் லகரமாகவே கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் செவி பழுதற்றதாயினும் அவ்வேறுபாடு புலப்படாமற் போகும். சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்ட பிள்ளைக்கோ, கேள்வித்திறன் 20 முதல் 30 டெசிபல் வரை குறையக்கூடும். அவன் கவனமில்லாதவன் என்று பெயர் வாங்குகிறான்.

தொல்காப்பியர் பிறப்பியலில் ஒலி வாயில் பிறக்கும் முறையை வகுத்துரைத்தார். பிறந்த ஒலி செவியிற் புகுந்து உணரப்படும் முறையை அளந்தறிவது பிற்காலத்து அறிவியல். மைசூரில் 1965-இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் போன்ற இடங்களில் நடைபெறும் ஆய்வு அத்தகையது. இத்தகைய ஆய்வுக்கு இன்று கணிப்பொறியே ஒலியை ஆக்கித் தருகிறது. அதன் எண்களை மின்னலைகளாக மாற்றும் உறுப்பே ஒலி அட்டை. கணிப்பொறியும் ஹெட்போனும் இருந்தால் பிள்ளைகளின் செவியை நாமே சோதித்துவிடலாமே என்னும் எண்ணம் ஆசிரியர்க்கு எழுவது இயல்பு. ஆதலின், ஆய்வுக்கூடத்தார் ஒலி அட்டையைத் தெரிந்தெடுக்கும் முறையை நாமும் அறிந்திருத்தல் வேண்டும்.

விளம்பரங்களில் முதலில் கண்ணிற்படுவது மாதிரி எண்ணிக்கை, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியலை அளக்கப்படுகிறது என்பது. ஓர் ஒலியை மீண்டும் பழுதின்றி எழுப்ப, அதன் அதிர்வெண்ணின் இருமடங்கிற்கு மேற்பட்ட மாதிரிகள் வேண்டும். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ்; குறுந்தட்டுக்கு 44,100 என்னும் எண் வந்தது இதனாலேயே. லகர, ளகர, ழகரங்களை வேறுபடுத்தும் குறிகளோ பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளன. வாயறையின் மூன்றாம் ஒத்ததிர்வு கீழிறங்கி இரண்டாவதை நெருங்குவது ழகரத்தின் சிறப்படையாளம். இவ்வளவுக்கு மலிவான அட்டையே போதும். 192,000 என்று அச்சிட்ட பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், செவிச் சோதனையைப் பொறுத்தவரை, பெரும்பாலும் வீணே.

பணத்திற்கு வேலை உள்ள இடம் வேறு. அது நிசப்தம். செவிச் சோதனையில் மிக மெல்லிய ஒலியும் வேண்டும். கேள்வி குறைந்தவர்க்கு 100 டெசிபல் அளவில் உரத்த ஒலியும் வேண்டும். 16 பிட் அட்டை ஒலியை 65,536 படிகளாகப் பகுக்கிறது. உரத்ததற்கும் மெல்லியதற்கும் இடையே அது தரக்கூடிய வீச்சு கணக்குப்படி 96 டெசிபல். 24 பிட் என்றால் கணக்கில் 144. ஆயினும் மின்சுற்றின் இரைச்சல் நடைமுறையில் அதனைப் பெரும்பாலும் ஏறத்தாழ 120 அளவிலேயே நிறுத்திவிடுகிறது. கணிப்பொறியின் உள்ளேயே பொருத்திய அட்டையாயின், அதனுள் ஓடும் பிற சுற்றுகளின் கீச்சொலியும் கலந்துவரும். பிள்ளை தொனியைக் கேட்டுக் கையுயர்த்தினானா, அந்தக் கீச்சொலி எழுந்ததைக் கேட்டா என்பது பின்னர் எவர்க்கும் தெரியாது. எனவே ஆய்வாளர் கணிப்பொறிக்கு வெளியே வைக்கும் தனிப் பெட்டியை விரும்புவர். அட்டைக்கும் ஹெட்போனுக்கும் இடையே ஒலிக்குறைப்பான் ஒன்றையும் வைப்பர். அது தொனியையும் இரைச்சலையும் ஒருங்கே தாழ்த்துவதால், மெல்லொலி இரைச்சலில் மூழ்குவதில்லை.

இரு செவிகளையும் ஒருங்கே ஆராய்வோர்க்கு மற்றொரு கவலையுண்டு. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அறிய, இரு செவிகளுக்கும் அது வந்தெய்தும் நேர வேறுபாடு உதவுகிறது. பயிற்சி பெற்ற செவி, நொடியின் இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் உணரும். ஆகவே இரு வாய்களும் ஒரே கடிகாரத்தால் இயங்குதல் இன்றியமையாதது. செலவைச் சுருக்க எண்ணி இரண்டு மலிவான அட்டைகளை இணைத்தால், அவற்றின் கடிகாரங்கள் பத்து இலட்சத்தில் 50 பங்கு மாறுபட்டாலும் போதும். பத்து நிமிடத்தில் 30 மில்லிநொடி விலகிவிடும்.

செவி ஒலியைக் கேட்பது மட்டுமன்று, தானும் மெல்லொலி எழுப்புகிறது! இதனை 1978-இல் டேவிட் கெம்ப் என்னும் ஆங்கில அறிஞர் அளந்து வெளியிட்டார். இரண்டு தொனிகளைச் செலுத்தினால், நலமான உட்செவி புதிய மூன்றாம் தொனியைத் தோற்றுவிக்கும். குறையுள்ள ஒலி அட்டையும் அதே மூன்றாம் தொனியைத் தோற்றுவிக்குமே! அதனைச் செவியின் விடையென்று மயங்காதிருக்க, இரு தொனிகளையும் இரு வேறு வாய்கள் வழியே, இரு வேறு சிறு ஒலிபெருக்கிகளால் செலுத்துகின்றனர். வெளியிடும் வாயிலிருந்து வாங்கும் வாய்க்கு ஒரு கம்பியை இணைத்து, தூய தொனியைச் செலுத்தித் திரும்பி வருவதைப் பார்த்தால், அட்டை தானாகச் சேர்ப்பது எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

நிற்க. எத்துணை உயர்ந்த அட்டையாயினும், அதிலிருந்து செவிக்குச் செல்வது எத்தனை டெசிபல் என்பதை அது தானே அறியாது. திரையில் ‘50 விழுக்காடு’ என்று காட்டுவது ஓர் அளவன்று. ஹெட்போனை மாற்றினால் அளவு மாறும். ஒலியை ‘இனிமையாக்க’ மென்பொருள் தானே செய்யும் திருத்தங்களும் அளவைக் கெடுக்கும். அவற்றை முதலில் நீக்கிவிடவேண்டும். ஆய்வுக்கூடத்தில், 1,000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் தரும் திட்டக் கருவியால் அளவுமானியைச் சரிபார்த்து, செயற்கைச் செவியில் ஹெட்போனைப் பொருத்தி, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் வருவதை அளந்து குறித்துக்கொள்வர். அளவு தெரியாத ஒலியைக் கேட்டுப் பிள்ளை தேறினாலும் தவறினாலும் நமக்கு ஒன்றும் தெரிந்துவிடுவதில்லை. தவறாகத் தேறிய பிள்ளையை நினைத்தால்தான் எனக்கு அச்சம். அவனை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பின்னர் எவரும் எண்ணமாட்டார்.

அறையும் கருவியின் ஒரு பகுதியே. பள்ளிகளில் வழக்கமாக 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸ் தொனிகளை 20 டெசிபலில் கேட்கச் செய்து முதற்சோதனை நடத்துவர். தகரக் கூரைமேல் மலைமழை கொட்டும் நேரத்தில் ஆசிரியர் குரலே பின்வரிசையை எட்டாது. 20 டெசிபல் எம்மாத்திரம்? சோதனைக் குழுவினர் பள்ளிக்கு வருவதாயின், மழை இறங்குமுன் காலை வேளையையும், சாலைக்கும் தேயிலை ஆலைக்கும் எட்டிய ஓர் அறையையும் ஒதுக்கித் தருதல் தலைமையாசிரியர் செய்யக்கூடியது. அதற்கு முன்னரே வகுப்பாசிரியர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. புலி, புளி, வால், வாள், மலை, மழை எனப் படங்களை இணையிணையாக வைத்து, பிள்ளையின் பின்னால் நின்று ஒரு சொல்லைக் கூறித் தொட்டுக்காட்டச் சொல்லலாம். சரியான படத்தைத் தொட்டுவிட்டுத் தவறாக எழுதுபவனுக்கு எழுத்துப் பயிற்சி வேண்டும். படத்தையே மாற்றித் தொடுபவனின் பெயரை, வீட்டில் ழகரம் எவ்வாறு ஒலிக்கிறது என்னும் குறிப்போடு, அளவு திட்டமாகத் தெரிந்த கருவியுடைய செவிமருத்துவப் பிரிவுக்கு எழுதியனுப்பவேண்டும்.