பிள்ளை எடையும் வீட்டுக் கடிகாரமும்

பிள்ளை குண்டாகிறதே என்று கவலை வந்ததும் எல்லோரும் கைவைப்பது தட்டில்தான். சோற்றைக் குறை, நெய்யை நிறுத்து, பிஸ்கட் டப்பாவை ஒளித்து வை. அதற்கு முன் பார்க்க வேண்டியது, வீட்டில் எத்தனை மணிக்கு என்ன நடக்கிறது என்பதை.

அமெரிக்காவில் நான்கு வயதுப் பிள்ளைகள் 8,550 பேரைப் பற்றி 2005-ல் திரட்டிய விவரங்களை வைத்து, சாரா ஆண்டர்சனும் ராபர்ட் விட்டேக்கரும் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது மூன்றே பழக்கம்: வாரத்தில் ஐந்து நாளுக்கு மேல் குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு, இரவில் பத்தரை மணி நேரமாவது தூக்கம், டிவி முதலான திரைகள் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள். மூன்றும் இருந்த வீடுகளில் உடல்பருமன் 14.3 சதவீதப் பிள்ளைகளுக்கு. மூன்றும் இல்லாத வீடுகளில் 24.5. அம்மாவின் உடல்பருமன், படிப்பு, குடும்ப வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோதும் வித்தியாசம் மறையவில்லை. பழக்கம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காசு செலவில்லை, கெடுதலும் இல்லை. செய்து பார்க்க யோசிப்பானேன்?

நம் வீடுகளில் முதலில் அடிபடுவது தூக்கம். ஏழேகாலுக்கு ஸ்கூல் வேன் என்றால் பிள்ளை ஆறரைக்காவது எழ வேண்டும். பத்தரை மணி நேரம் தூங்க, எட்டு மணிக்கே கண் அசந்திருக்க வேண்டும். அந்நேரம் கூடத்தில் சீரியல் ஓடும். அப்பா வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டார். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுவதும், போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைவதும் பெரியவர்களிடம் நடத்திய சில சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: பத்து மணிவரை விழித்திருக்கும் பிள்ளை கட்டாயம் இன்னொரு முறை ஏதாவது கேட்கும்.

அடுத்தது போன். தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனைப் பிள்ளை கண்கொட்டாமல் பார்க்கிறது. உதட்டில் விரல் பட்டதும் வாய் தானாகத் திறக்கிறது. இன்னும் இரண்டு இட்லி உள்ளே போனதில் பாட்டிக்குத் திருப்தி. வயிறு நிறைந்தது பிள்ளைக்குத்தான் தெரியவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு. சாப்பாட்டு நேரத்தில் அந்த ஒரு மணியையும் செலவழிக்காதீர்கள்.

சேர்ந்து சாப்பிட அப்பா வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் ஏழு மணிக்குப் பிள்ளையோடு உட்காருங்கள், எல்லோருக்கும் ஒரே சமையல். பிள்ளை “போதும்” என்றால் விட்டுவிடுங்கள். “இன்னும் ஒரே ஒரு வாய்” வேண்டாம்.

எடை உண்மையிலேயே அதிகமா என்பதை வயது, உயரத்தோடு சேர்த்து டாக்டர் சொல்லட்டும். நீங்களாகப் பட்டினி போடாதீர்கள். எட்டு மணிக்குப் படு என்று ஒரே நாளில் மாற்றினால் பிள்ளை அடம்பிடிக்கும். சாப்பாட்டையும் படுக்கையையும் கால் மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். நாலைந்து நாள் பழகியதும் இன்னொரு கால் மணி. ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே நேரம்தான்.